பட்டியலில் இல்லாத பாட்டு

இளையராஜாவின் கச்சேரி எங்கோ நடக்கப் போகிறது என்று ஒரு செய்தி வந்துவிட்டால் போதும்; தேவிகுளம் வட்டாரத்தில் அன்றைக்கே ஒரு வேலை தொடங்கிவிடுகிறது. முதலில் எதைப் பாடுவார், எந்தப் படத்துப் பாட்டை விட்டுவிடுவார், யார் யார் மேடைக்கு வருவார்கள் என்று பட்டியல் போடுகிற வேலை அது. காலையில் மஸ்டரில் பேர் கூப்பிடும் முன் தொடங்குகிற பேச்சு, கொழுந்து நிறுக்கும் இடத்திலும் தொடர்ந்து, மாலையில் மூணாறு டீக்கடைகளில் பந்தயமாக முற்றுகிறது. எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா தமது பட்டியலை நம்பர் போட்டு எழுதி வைத்திருப்பார். தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர் விரல் மடக்கிச் சொல்வார். கச்சேரி நடப்பதோ சென்னையில், கோவையில், இல்லாவிட்டால் கடல் கடந்த ஏதோ ஓர் ஊரில். டிக்கெட் வாங்கிப் போகக்கூடியவர்கள் இந்த மலையில் விரல் விட்டு எண்ணத்தக்கவர்களே. ஆனாலும் பட்டியல் மட்டும் ஒவ்வொருவரிடமும் தயாராக இருக்கிறது.

இதை வேலையற்றவர் வேலை என்று தள்ளிவிடுவது தவறு. ஒருவருடைய பட்டியலில் பத்துப் பாட்டு இருந்தால், அவை பத்தும் அவருடைய வாழ்க்கையில் பத்து இடங்கள். லயத்தில் முதல் டேப் ரிக்கார்டர் வந்த வருஷம் ஒரு பாட்டு. தங்கைக்குக் கல்யாணம் பேசப் போடிக்குப் போன பஸ்ஸில் கேட்டது ஒரு பாட்டு. தகப்பனார் இறந்த மாதத்தில் பக்கத்து வீட்டு ரேடியோவில் ஒலித்தது ஒரு பாட்டு. மேடையில் அந்தப் பாட்டு பாடப்பட வேண்டும் என்று அவர் விரும்புவதில் வியப்பு என்ன? ஆபீஸில் உடன் வேலை செய்யும் மலையாளி நண்பர்களும் இந்தப் பந்தயத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். 1982-ல் வந்த ‘ஓளங்கள்’ அவர்கள் பட்டியலில் தவறாமல் இடம் பெறும். பாஷை வேறு, பட்டியல் போடும் ஆசை ஒன்றுதான்.

ஆனால், இந்தப் பட்டியல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். பெரும்பாலும் எல்லாவற்றிலும் அதே முப்பது, நாற்பது பாட்டுகள். பெரும்பாலும் 1976-க்கும் 1990-களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டவை. காதுக்குப் பழகாத ஒன்றுக்கு எந்தப் பட்டியலிலும் இடம் விடப்படுவதில்லை. கேட்டறியாத பாட்டைப் பட்டியலில் எப்படி எழுதுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், இந்த மலைத் தமிழர்கள் அவசியம் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயமும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

கணக்கு பலித்ததும் தப்பியதும்

ரசிகர்களின் ஊகம் பல சமயம் பலித்துவிடும். இளையராஜா தம் கச்சேரிகளைப் பெரும்பாலும் ‘தாய் மூகாம்பிகை’ படத்தின் அம்மன் பாட்டுடன் தொடங்குவார் என்பது ரசிகர் அனைவரும் அறிந்தது. அதில் பந்தயம் கட்டுகிறவர் யாரும் இல்லை. இரண்டாவது பாட்டிலிருந்துதான் வாக்குவாதம் ஆரம்பமாகும்.

கணக்கு அடியோடு தப்பிய சந்தர்ப்பமும் உண்டு. 2017 மார்ச் மாதம், எஸ்.பி. பாலசுப்பிரமணியம் வெளிநாடுகளில் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தபோது, அனுமதி பெறாமல் தமது பாடல்களை மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து அவருக்கு வக்கீல் நோட்டீஸ் போயிற்று. அந்தக் கச்சேரிகளில் இனி இளையராஜாவின் பாடல்களைப் பாடப் போவதில்லை என்று எஸ்.பி.பி. அறிவித்தார். ரசிகர்கள் போட்டு வைத்திருந்த பட்டியல் ஒரே நாளில் பாதியாகிவிட்டது. பாடியவருக்குச் சொந்தமா, மெட்டமைத்தவருக்குச் சொந்தமா, பணம் போட்ட தயாரிப்பாளருக்குச் சொந்தமா என்று தேயிலைக் காட்டிலும் கட்சி பிரிந்து வாதாடினார்கள். 2019 ஜூனில் சென்னையில் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் ஏறியபோது அந்த வாதம் அடங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி எஸ்.பி.பி. மறைந்தார். அதற்குப் பிறகு பட்டியல் போடுகிறவர்கள், ‘இந்தப் பாட்டை யார் பாடுவது?’ என்ற கேள்வியில் வந்து நின்றுவிடுகிறார்கள்.

ஊகத்திலேயே முப்பது ஆண்டுக்கு மேல் கழிந்த கதையும் ஒன்று இருக்கிறது. 1993-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் வாத்தியக் குழுவினர், ஜான் ஸ்காட் என்பவர் நடத்த, இளையராஜா எழுதிய சிம்பொனி ஒன்றை வாசித்தார்கள். அது ஒலிப்பதிவும் ஆயிற்று. ஆனால் கடைக்கு வரவில்லை. இந்தத் தீபாவளிக்கு வரும், அடுத்த பொங்கலுக்கு வரும் என்று ரசிகர்கள் பேசிப் பேசியே காசெட் காலம் போயிற்று, குறுந்தகட்டுக் காலமும் போயிற்று. கடைசியில் 2025 மார்ச் 8-ஆம் தேதி, ‘வேலியண்ட்’ என்ற வேறொரு சிம்பொனியை அவர் லண்டனில் அரங்கேற்றினார். அப்போது அவருக்கு வயது 81. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு சென்னையில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது. அடுத்த சிம்பொனி பற்றிய பேச்சும் அதே ஆண்டில் பிறந்துவிட்டது. ஆக, ஊகிக்கிறவர்களுக்கு வேலை ஓயவில்லை.

காத்திருந்தது எதற்கு?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிம்பொனி வேண்டும், வேண்டும் என்று காத்திருந்தவர்களில் அதை முழுவதும் உட்கார்ந்து கேட்டவர்கள் எத்தனை பேர்? லண்டனில் அரங்கேறியது என்ற பெருமை எல்லோருக்கும் இருக்கிறது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பெருமைப்படுவது வேறு, கேட்பது வேறு. 1986-ல் ‘ஹவ் டு நேம் இட்’ வந்தது. தியாகராஜரையும் ஜெர்மனியின் பாக் என்ற இசை மேதையையும் மனத்தில் வைத்துச் செய்த இசைத்தட்டு அது. 1988-ல் ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலுடன் ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. 2005-ல் திருவாசகம் ஹங்கேரி நாட்டு வாத்தியக் குழுவின் துணையுடன் வந்தது. இவற்றில் ஒன்றாவது எத்தனை பேர் பட்டியலில் இருக்கிறது? கலைஞர் புதிதாக ஒன்றைக் கொண்டு வருகிறார். ரசிகர் கைதட்டிவிட்டு, “சரி, அந்தப் பழைய பாட்டைப் பாடுங்கள்” என்கிறார்.

இது தமிழனுக்கு மட்டும் உள்ள குணம் அல்ல. அமெரிக்காவில் பாப் டிலன் தனிக் கிதாரும் மௌத் ஆர்கனுமாக நாட்டுப் பாடல் பாணியில் பாடிப் பேர் வாங்கியவர். 1965 ஜூலையில் நியூபோர்ட் விழா மேடையில் மின்சாரக் கிதாரும் வாத்தியக் கோஷ்டியுமாக வந்து நின்றார். அவரைக் கொண்டாடிய கூட்டத்திலேயே ஒரு பகுதி கூச்சல் போட்டது. மறு ஆண்டு இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துக் கச்சேரியில், ஒரு ரசிகர் அவரைப் பார்த்து “யூதாஸ்” என்றே கத்தினார். ஏசுவைக் காட்டிக்கொடுத்தவன் பெயரால் ஒரு பாடகனை ஏசும் அளவுக்கு அவர் செய்த குற்றம், ரசிகர் கையில் இருந்த பட்டியலில் இல்லாததைப் பாடியது. அதே டிலனுக்கு 2016-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கூச்சலுக்குப் பயந்து அவர் பழைய பாட்டோடு நின்றிருந்தால் பிந்தைய ஐம்பது ஆண்டுப் பாடல்கள் பிறந்திருக்குமா?

அன்று தேவிகுளம் கேட்டது

அமெரிக்காவுக்குப் போவானேன்? தேவிகுளம் மலையே இதற்குச் சாட்சி சொல்லும்.

1957-ல் கேரளத்தில் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, தேவிகுளம் தொகுதியில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, 1958 மே மாதம் இடைத்தேர்தல் வந்தது. 126 இடங்கள் கொண்ட சட்டசபையில் 60 இடங்களைப் பெற்று, சுயேச்சைகள் சிலரின் ஆதரவுடன் ஆட்சி நடத்திக்கொண்டிருந்த இ.எம்.எஸ். அரசுக்கு அந்த ஓர் இடமும் முக்கியமாக இருந்தது. அப்போது இந்த மலைக்குப் பாட வந்தவர்தான் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன். தோட்டத் தொழிலாளர் பேசும் தமிழிலேயே பாட்டுக் கட்டி, ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு அவர் பாடினார். ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வெற்றி பெற்றார். அந்த வெற்றியில் பாவலருக்குப் பெரும் பங்கு உண்டு என்று இன்றும் சொல்லப்படுகிறது.

எந்தக் கட்சி வென்றது என்பது இங்கே பேச்சல்ல. பாவலர் பாடிய அந்தப் பாட்டுகள் யாருடைய பட்டியலிலும் இருந்தவை அல்ல என்பதுதான் பேச்சு. நேற்றுவரை இல்லாத பாட்டை, கேள்விப்படாத ஒருவர் வாயால், தேவிகுளத்துத் தொழிலாளி குளிரில் நின்று கேட்டார். கேட்டதோடு தானும் பாடினார்.

அந்தப் பாவலரின் தம்பிதான் ராசய்யா. பதினான்கு வயதளவில் அண்ணன் குழுவுடன் ஊர் ஊராகப் போகத் தொடங்கியவர். தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரம் இந்த மலைக்கு அந்நிய ஊர் அல்ல. போடிமெட்டு ஏறி வந்த குடும்பங்கள் எத்தனையோ அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. கோயில் மேடை, கட்சி மேடை என்று பார்க்காமல் சுற்றிய அந்தக் குழுவில்தான் ராசய்யா பாட்டுக்கு மெட்டுப் போடக் கற்றார். நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இசை அமைத்ததே அவருடைய முதல் மெட்டு என்று சொல்வார்கள். பிறகு சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டு, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 1976-ல் ‘அன்னக்கிளி’க்கு வந்து சேர்ந்தார்.

1976-ல் தமிழ் ரசிகர் கையில் இருந்த பட்டியல் என்ன? எம்.எஸ். விசுவநாதன் பாடல்கள் ஒரு பக்கம். ‘ஆராதனா’, ‘பாபி’, ‘ஷோலே’ என்று இந்திப் பாட்டு இன்னொரு பக்கம். இளையராஜா என்ற பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பஞ்சு அருணாசலம் தம் படத்தில் அந்தப் புதியவருக்கு ஓர் இடம் கொடுத்தார். ரசிகர்கள் தங்கள் காதில் ஓர் இடம் கொடுத்தார்கள். அந்த இரண்டு இடங்களில் ஒன்று கிடைக்காமல் போயிருந்தாலும் இன்றைய பட்டியல் எதுவுமே இல்லை.

இன்றைய திருவிழா மேடை

இப்போது எஸ்டேட் கோயில் திருவிழாவைப் பாருங்கள். வருஷத்தில் ஒரு நாள். முளைப்பாரி, பொங்கல், அன்னதானம் எல்லாம் முடிந்து இரவில் இன்னிசைக் கச்சேரி. கீழ்நாட்டிலிருந்து குழு வரும்; அல்லது உள்ளூர் இளைஞர்களே கீபோர்டும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு ஏறுவார்கள். மேடை ஏறும் முன்பே விழாக் கமிட்டி பட்டியலைக் கையில் கொடுத்துவிடும். பாதியில் ரசிகர்கள் சீட்டு எழுதி அனுப்புவார்கள். சீட்டில் இருப்பதும் அதே பாட்டுகள்தான். பட்டியலில் இல்லாத ஒன்றை எடுத்தால் முன்வரிசையில் விசில் பறக்கும். பின்வரிசை டீ குடிக்க எழுந்துவிடும்.

அந்தக் குழுவில் சொந்தமாக மெட்டுப் போடத் தெரிந்த ஒரு பையன் இருக்கக்கூடும். தமிழ்ப் பள்ளியில் படித்து, அம்மா கொழுந்து பறிப்பதைப் பார்த்து வளர்ந்து, அதைப் பற்றி நாலு வரி எழுதி வைத்திருக்கும் ஒரு பெண் இருக்கக்கூடும். அவர்கள் எந்த மேடையில் பாடுவது? சினிமாக் கம்பெனி வாசல் வெகு தூரம். திருவிழா மேடைதான் அவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பது. அதையும் பழைய பாட்டே முழுக்க நிரப்பிக்கொண்டால் அந்தப் பையன் நாலு வருஷம் பிறர் மெட்டை வாசித்துவிட்டு, திருப்பூருக்கோ எர்ணாகுளத்துக்கோ வேலை தேடிப் போய்விடுவான். வாத்தியம் பரண்மேல் ஏறிவிடும்.

இதில் நஷ்டம் அந்தப் பையனுக்கு மட்டும் அல்ல. 2015 செப்டம்பரில் மூணாறு பெண் தொழிலாளர்கள் போனஸுக்கும் கூலிக்கும் வீதியில் உட்கார்ந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டு போனார்கள். லயத்தோடு குடும்பங்களே மண்ணுக்குள் போயின. இவற்றையெல்லாம் யார் பாட்டாக்க வேண்டும்? லயத்துக் கூரைக்கடியில் மழைச் சத்தம் கேட்டுத் தூங்காதிருந்தவர்கள்தான் பாட வேண்டும். சென்னையிலிருக்கும் எந்த மேதையும் அந்தப் பாட்டை இவர்களுக்காக எழுதித் தர முடியாது. மலையின் கதைக்கு மலையிலேயே ஒரு மேடை இல்லாவிட்டால் அந்தக் கதை பத்திரிகைச் செய்தியோடு நின்றுவிடும்.

தொழிலாளியின் நியாயம்

இதற்கு ஒரு மறுப்பு எழும். வருஷம் முழுவதும் மழையிலும் பனியிலும் உழைத்து, திருவிழா வரியும் கட்டிவிட்டு, ஒரே ஓர் இரவு பாட்டுக் கேட்க உட்காருகிறவரிடம், பழகாத பாட்டைக் கேள் என்று சொல்வது நியாயமா? அவர் காசு, அவர் இரவு, அவருக்குப் பிடித்த பாட்டு. கலையை வளர்க்கும் பொறுப்பையும் அவர் தலையில்தான் ஏற்ற வேண்டுமா?

இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. அவருடைய பாட்டை யாரும் பறிக்கத் தேவையில்லை. நள்ளிரவு தாண்டிப் போகும் கச்சேரியில் இருபது, இருபத்தைந்து பாட்டு பாடப்படுகிறது. அதில் இரண்டே இரண்டு பாட்டு புதியதாக இருந்தால் குடி முழுகிவிடாது. அதையும் கடைசியில், கூட்டம் கலையும் நேரத்தில் வைக்காமல், நடுவில், பிரபலமான இரண்டு பாட்டுக்கிடையே வைக்க வேண்டும். எழுதியவர் யார், மெட்டுப் போட்டவர் யார், எந்த டிவிஷனைச் சேர்ந்தவர் என்று மைக்கில் சொல்ல வேண்டும். தம் லயத்துப் பையன் பாட்டு என்றால் விசில் அடிக்கிறவரும் கொஞ்சம் பொறுத்துக் கேட்பார். பாட்டு நன்றாக இல்லாவிட்டால் மறு வருஷம் வேறொருவருக்குச் சந்தர்ப்பம் கிடைக்கட்டும். நன்றாக இருந்துவிட்டால் மறு வருஷம் அதைக் கேட்டே சீட்டு வரும்.

உரிமையை முன்னிட்டும் இதை யோசிப்பது நல்லது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபின், பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டி பெறும் உரிமை உறுதியாக்கப்பட்டிருக்கிறது. தொழில் முறையில் அல்லாத குழுக்கள், காசு வாங்காமல் கூட்டத்துக்குப் பாடினாலோ, மத நிறுவனம் ஒன்றின் நன்மைக்காகப் பாடினாலோ சட்டம் விலக்குத் தருகிறது. ஆனால் கட்டணம் பேசி மேடையேறும் தொழில்முறைக் குழுவின் நிலை வேறு. பெரிய பாடகருக்கே நோட்டீஸ் வந்த காலம் இது. சொந்தப் பாட்டு நாலு கைவசம் இருக்கிற குழுவுக்கு அந்த நாலு பாட்டுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

விழாக் கமிட்டிகளும், தொழிற்சங்கங்களும், ஊர் வாசகசாலைகளும் மனம் வைத்தால் செலவில்லாமல் ஆகக்கூடிய காரியம் இது. கமிட்டியில் பெரும்பாலும் பொறுப்பில் இருப்பவர்கள் குமாஸ்தாக்களும் கங்காணிகளும்தான். கச்சேரிப் பட்டியலை எழுதுகிற பேனா அவர்கள் கையில்தான் இருக்கிறது. நம்பர் போடும்போது இரண்டு நம்பருக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டால் போதும்.

இளையராஜாவின் அடுத்த சிம்பொனி எப்போது வரும், அடுத்த கச்சேரியில் என்ன பாடுவார் என்ற ஊகங்கள் தொடரட்டும். அவை அன்பின் அடையாளங்கள். டீயும் வடையும் பந்தயம் வைத்துப் பேசுவதில் யாருக்கும் கெடுதல் இல்லை. அவர்மேல் மலைத் தமிழர் வைத்திருக்கும் அன்பு குறையவும் வேண்டாம். ஆனால், அடுத்த ராசய்யா எங்கிருந்து வருவான் என்ற ஊகத்துக்கும் அந்தப் பந்தயத்தில் ஓர் இடம் இருக்கட்டும். அவன் பண்ணைப்புரத்திலிருந்து வரலாம், மாட்டுப்பட்டியிலிருந்தும் வரலாம். வருகிற கார்த்திகையிலோ சித்திரையிலோ ஓர் எஸ்டேட் மேடையில், விசிலுக்கு நடுவே நடுங்கும் குரலில் தன் முதல் பாட்டை அவன் தொடங்கும்போது, டீ குடிக்க எழுந்தவர்கள் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகட்டும்.